விழுவதற்கு முன் ஆடும் கல்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் விலாசங்களும் மளிகைச் சீட்டுகளும்தான். ஆகவே இதைப் படிக்கப்போகிறவர்கள் முதலிலேயே என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியதை வாயால் சொல்லும் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் கூடத்திலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். விடைகொடுத்த அன்று, என்னோடு வேலை பார்த்த இளம்பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், இத்தனை வருசமா ஆடுறவங்களைப் பாத்திருக்கீங்க. ஒரு கேம் எதனால நல்லா இருக்கு? சொல்லிட்டுப் போங்க" என்றார்கள். எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கேக்கை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அதற்கான பதில் தெரிந்த மாதிரி இருந்தது. அந்தப் பதில் தீர்த்தமலை அடிவாரத்தில், ஒரு கித்தான் கொட்டகைக்குள், ஒருவருடைய குதிகாலில் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது அது. என் அண்ணன் அந்தோணி லாரி ஓட்டினான். பெங்களூரிலிருந்து பழைய வீடியோ கேம் மிஷின்கள் நான்கை வாங்கி வந்த கிருஷ்ணப்பா என்பவர், திருவிழா திருவிழாவாக அவற்றைக் கொண்டுபோக அண்ணனின் லாரியைப் பேசியிருந்தார். கொட்டகைக்குள் ஆண்கள் மட்டுமே இருந்தால் பெண்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டோக்கன் கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று அவர் கேட்டார். கூடவே அண்ணன் இருக்கிறான் என்பதால் வீட்டில் விட்டார்கள். அரூர் பக்கத்துச் சிற்றூரில், ஞாயிறு பூசைக்கும் கடலைக்காட்டுக்கும் தவிர வேறெங்கும் போகாத நான் அப்படித்தான் வெளியே வந்தேன்.

வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் கண்ணாடியை ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். கைப்பிடிகளை நான்கு பக்கமும் தள்ளிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தள்ளுக்கும் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட வேண்டும். ஜெனரேட்டர் போட்டதும் மிஷின்கள் உடனே விழிக்காது. திரை முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு ஓரங்கள் நடுங்கும், பிறகு மெல்ல நிறம் வரும். அதுவரை அதன் முன்னால் யாரையும் நிற்க விடக்கூடாது.

வெளியே மாசி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கொட்டகைக்குள் மட்டும் ஒரு சின்ன சாயங்காலம் இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் மிஷின்கள் தாமாகவே ஆடிக் காட்டும். மழை விட்டதும் ஏரிக்கரையில் தவளைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லுமே, அந்த மாதிரி நான்கும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே மேசையில் கன்னத்தை வைத்தால் நான் எங்கிருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

மிஷின்களுக்கு இங்கிலீஷில் பெயர்கள் இருந்தன. ஜனங்கள் அவற்றைச் சட்டை செய்யவில்லை. மேலிருந்து பூச்சிகள் இறங்குவது வண்டு மிஷின். இன்னொன்று கார் மிஷின், மற்றொன்று ஏணி மிஷின். நாலாவதில் ஒரு குட்டி மனுஷன் மண்ணைத் தோண்டிக்கொண்டே கீழே போவான். மஞ்சள் மண், அதற்கடியில் காவி, அதற்கும் கீழே சிவப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். நடுநடுவே பாறைகள். அவன் அடியில் தோண்டினால் பாறை ஒரு கணம் ஆடும், பிறகு விழும். அந்தக் கணத்துக்குள் அவன் நகர்ந்துவிட வேண்டும். மூன்று உயிர். கிணறு வெட்டியே தண்ணீர் பார்க்கிற எங்கள் சீமையில் அதற்கு வேறு பெயர் வருமா? கிணத்து மிஷின்.

கிருஷ்ணப்பா தளி பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும் தமிழிலும் அது எட்டிப் பார்க்கும். நாற்பது வயது இருக்கும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஆடுகிறவர்களோடு பேச மாட்டார், எங்களையும் பேச விட மாட்டார். "ஆட்டம் நடக்கறப்போ நடுவுல நாம எதுக்கு? சும்னெ இரு" என்பார். எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஆண்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அவர்களுடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவர் எரிச்சலோடு கேட்டார். "ஏனம்மா, எப்பப் பாத்தாலும் தரையவே பாக்கறே. ஏதாவது வுழுந்துடுச்சா?"

"இல்லீங்கண்ணா. கால பாக்கறேன்ங்க."

"காலா? கால்ல என்ன தெரியுது?"

"நல்லா ஆடறப்போ குதிகால் தானா மேல தூக்கிக்குதுங்க. ரொம்ப லேசா இருந்தா கீழ வந்துடுதுங்க. முடியாதுன்னு தோணிட்டாலும் கீழ வந்துடுதுங்க."

அவர் என் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அன்று வெகுநேரம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புக் கால்கள், வெறும் கால்கள், சேற்றுக் கால்கள், மருதாணி வைத்த கால்கள். நீல வெளிச்சத்தில் அவை தண்ணீருக்கடியில் நிற்பவை போலத் தெரிந்தன. அதற்குப் பிறகு, மிஷினைத் திறப்பதற்கு முன் "கால் என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று.

திறப்பது என்றால் இப்படி. மிஷினின் முதுகில் ஒரு பூட்டு. உள்ளே பச்சை அட்டையில், அரிசியளவு வெள்ளைச் சுவிட்சுகள் ஒரு வரிசை. அவற்றைத் தீக்குச்சி முனையால்தான் தள்ளுவார், இரும்பு படக்கூடாது. ஒன்று உயிர்களின் எண்ணிக்கைக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று பாறை எவ்வளவு நேரம் ஆடும் என்பதற்கு. தள்ளிவிட்டு மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் புதிய கணக்கு ஏறும். ஊருக்கு ஊர் அவர் இதை மாற்றுவார், ஆட்டத்தின் நடுவில் மட்டும் ஒருபோதும் தொட மாட்டார்.

கடத்தூர் சந்தையில் நடந்ததைச் சொன்னால் அவர் சுபாவம் விளங்கும். சித்தேரி மலைப்பாதையில் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் கார் மிஷினில் உட்கார்ந்தார். பின்னால் அவருடைய பஸ்ஸில் வந்த ஜனமெல்லாம் நின்றது. முதல் வளைவிலேயே கார் பள்ளத்தில் போய்விட்டது.

"அய்யோ, தெனமும் இந்தாளு வண்டியிலதான மலையெறங்கறோம்" என்றார் ஒருவர்.

"இனிமே நடந்தே எறங்கிக்கலாம்ங்க" என்றார் இன்னொருவர்.

டிரைவர் மிஷினை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு எழுந்து போனார். நான் பயந்துபோனேன். கிருஷ்ணப்பா கோபப்படவில்லை. மிஷினை நிறுத்தி, ஸ்டேரிங்கைக் கழற்றினார். உள்ளே பல்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருந்தது. திருப்பியதற்குக் கொஞ்சம் தாமதித்துத்தான் கார் திரும்பியிருக்கிறது. அதைச் சரி செய்துவிட்டு அண்ணனை அனுப்பி டிரைவரைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். என்னிடம் சொன்னார்: "தோத்தவன் மிஷினைக் குத்தினா தப்பு நம்மது. தன் தொடையைத் தட்டிக்கிட்டா தப்பு அவனது. தொடை தட்டறவன்தான் திரும்பி வருவான்." டிரைவர் அன்று சந்தை கலையும்வரை தொடை தட்டிக்கொண்டிருந்தார்.

தீர்த்தமலைத் திருவிழாவுக்கு அதன்பின் போனோம். அடிவாரத்தில் பொரிக்கடைகளுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மலையேறிக் குளித்து இறங்கியவர்கள் ஈரத்தலையோடு வருவார்கள். அவர்கள் நின்ற இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்திருக்கும். திரையின் நிறங்கள் அதில் மின்னும்.

மாதையன் முதல் நாள் பிற்பகலில் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். குதிகால் வெடிப்புகளில் பாறைத்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது, எவ்வளவு கழுவினாலும் போகாத தூள். கிணறு வெட்டுகிறவர் என்று அதிலேயே தெரிந்தது. வேறு மிஷின்களைத் திரும்பியும் பார்க்காமல் கிணத்து மிஷினின் முன்னால் போய் நின்றார்.

முதல் பாறை ஆடியதும் கையை எடுத்துவிட்டார். குட்டி மனுஷன் நசுங்கிப்போனான். மேலே இன்னொரு குட்டி மனுஷன் வந்து நின்றான்.

"அட, திரும்ப வந்துட்டான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பக்கத்தில் நின்றவர், "மூணு உசுரு இருக்குதுங்க" என்றார்.

"நம்மளுக்கு யாரும் சொல்லலயே" என்று மாதையன் சிரித்தார். பிறகு உற்றுப் பார்த்துக்கொண்டே, "பாரு, மொதல்ல ஆடுது. அப்பறந்தான் வுழுவுது. நெசத்துலயும் அப்பிடித்தான், மொதல்ல மண்ணு உதிரும். ஞாயமான பொட்டிதான்" என்றார். அவர் குதிகால்கள் மேலே எழும்பின. இருட்டும்வரை கீழே இறங்கவில்லை.

தினமும் வந்தார். காவி மண்ணைத் தாண்டினார். சிவப்பு மண்ணின் தொடக்கத்தில் செத்தார். தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஒரு முற்பகல், கூட்டம் இல்லாத நேரத்தில், ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து என் மேசையருகே நின்றாள். மாதையனின் மனைவி கோவிந்தம்மா. அவர்களுடைய சொந்தக் காட்டில் கிணறு பாதியில் நிற்கிறதாம். தை மாதத்தில் ஒரு நாள் மேலிருந்து மண் உதிர்ந்ததைப் பார்த்து மாதையன் சுவரோரம் ஒதுங்கியிருக்கிறார். அவர் நின்ற இடத்தில் உரலளவு கல் வந்து விழுந்தது. அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து கயிற்றைப் பிடித்து இரண்டு ஆள் ஆழம் இறங்கியதுமே ஏறி வந்துவிடுகிறார்.

"கூட வேல செய்யற ஆளுங்க காத்துட்டு இருக்காங்க கண்ணு. திருவிழா முடிஞ்சும் இவரு எறங்கலைன்னா ஓசூர் பக்கம் வேலைக்குப் போயிடுவாங்க. அப்பறம் அந்தக் கெணறு குழியாவே கெடக்கும், காட்டுல வெச்ச செடியெல்லாம் கருகிப் போயிடும். இவரு தெனமும் இங்க வந்து செத்துச் செத்து வூட்டுக்கு வர்றாரு. ஒரே ஒரு தடவ அடி வரைக்கும் போவ வுடுங்களேன். ஜெயிச்சா ஒரு தெம்பு வரும்ல?"

கிருஷ்ணப்பாவிடம் சொன்னேன். "இது மிஷினம்மா. வரம் குடுக்கற சாமி மலை மேல இருக்குது" என்று சிடுசிடுத்தார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிணத்து மிஷினின் முதுகு திறந்திருந்ததைப் பார்த்தேன். அவர் விரல்களில் தீக்குச்சி இருந்தது. கால் என்ன சொல்லுது என்று அன்று என்னைக் கேட்கவில்லை.

மாதையன் வந்தார். மஞ்சள், காவி, சிவப்பு எல்லாம் மளமளவென்று கடந்தது. பின்னால் கூட்டம் சேர்ந்தது. "மாதையா, இன்னிக்கு ஊத்து பொத்துக்கும்டா" என்று யாரோ கத்தினார்கள். நான் கால்களைப் பார்த்தேன். இரண்டு குதிகால்களும் தரையில் பதிந்திருந்தன.

சிவப்பு மண்ணுக்கும் கீழே, அதுவரை யாரும் பார்த்திராத நீலமண் வந்தது. அங்கே மாதையன் கைப்பிடியை விட்டார். இரண்டு உயிர் மிச்சமிருந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்படி ஒருவர் போய் நான் பார்த்ததில்லை. ஆளில்லாத திரையில் குட்டி மனுஷன் நின்றுகொண்டே இருந்தான். பாறை ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது, பிறகு விழுந்தது. அடுத்தவன் வந்தான், நேரம் தீரும்வரை அவனும் நின்றான். பிறகு ஒருவனும் இல்லை.

கிருஷ்ணப்பா தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "போம்மா. நீ போய்ச் சொல்லு. நான் சொன்னா சண்டை ஆயிடும்."

நான் எந்த ஆணிடமும் நானாகப் போய்ப் பேசியவள் இல்லை. பொரிக்கடையைத் தாண்டி டீக்கடை. மாதையன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பாதங்களைப் பார்த்தபடி நின்றேன்.

"அண்ணா."

"என்ன பாப்பா? மீதி ரெண்டு உசுர வந்து வாங்கிக்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்கண்ணா. அந்தக் கல்லு மெதுவா வுழுவறாப்பல மாத்தி வெச்சிட்டோம்ங்க. இன்னிக்கு மட்டுந்தாங்க."

"தெரியுது. எந்தக் கல்லு அவ்ளோ நேரம் நின்னு யோசன பண்ணிட்டு வுழுவுது?" டீயை ஒரு வாய் குடித்தார். "எம்பொண்டாட்டி வந்தாளா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஊருல எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசறாங்க பாப்பா. ஆளுங்க மெதுவாப் பேசறாங்க. எங்கண்ணன் மெதுவாப் பேசறான், சின்னதுலேருந்து என்னைத் திட்டிட்டே இருந்தவன். இந்தப் பொட்டி ஒண்ணுதான் எல்லாரயும் அடிக்கற மாதிரி என்னயும் அடிச்சுது. அதயும் கெடுத்துட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

"வந்து பாருங்கண்ணா. பின்னால தொறந்து காட்டறோம்ங்க. நீங்களே உங்க கையால மாத்தி வெய்யுங்க."

கொட்டகைக்குத் திரும்பியதும் கிருஷ்ணப்பா பூட்டைத் திறந்தார். மாதையன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒயர்கள், தூசி, சூட்டுக்கு ஒண்டியிருந்த ஒரு பல்லி.

"இவ்ளோதானா கெணறு? இதுக்குள்ள அந்தாளு எங்க இருக்கறான்?"

"நோடப்பா, நானும் வாங்கின நாள்லேருந்து தேடிட்டுதான் இருக்கேன்" என்றார் கிருஷ்ணப்பா. ஆடுகிறவர் ஒருவரோடு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தீக்குச்சியை எடுத்து மாதையன் கையில் கொடுத்தார். "மூணாவது. ஸொல்ப, கொஞ்சமா, மேல தள்ளு. மொத நாள் அங்கதான் இருந்துச்சு."

"நெசமா அங்கதானா?"

"என் மகன் மேல சத்தியம்."

கடப்பாரை பிடித்துக் காய்த்த விரல்களுக்கிடையில் அந்தத் தீக்குச்சி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். மிஷினை அணைத்துப் போட்டோம். சாம்பல் நிறம் வந்தது, ஓரங்கள் நடுங்கின, மஞ்சள் மண் மெல்லத் தெளிந்தது.

முதல் பாறையிலேயே செத்தார். கூட்டத்தில் ஒருவன், "மாதையா, உனக்குக் கெணறே ஆவாது போலடா" என்றான். சொன்னவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாதையன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "எனக்கு இன்னும் ரெண்டு உசுரு இருக்குதுடா. உங்கிட்ட எத்தன இருக்குது?"

வெடித்த குதிகால்கள் மேலே எழுந்தன. அதற்குப் பிறகு எத்தனை ஆட்டம் ஆடினார் என்று தெரியாது. கொட்டகை முழுக்க அவருக்காகக் கத்தியது, அவரைக் கேலி செய்தது, அவருக்கு வழி சொன்னது. வெளியே வெயில் சாய்ந்து, மலை நிழல் கொட்டகைமேல் இறங்கியிருந்தது. கித்தானுக்கு வெளியே, கயிற்றைப் பிடித்தபடி கோவிந்தம்மா நின்றிருந்தாள், உள்ளே வரவில்லை. கடைசி ஆட்டத்தில் சிவப்பு மண்ணில் பாதி வரை போனார். நீலத்தைப் பார்க்கவில்லை. ஒரு பாறை ஆடியது, நகர்ந்தார். அடுத்தது ஆடியது, நகரவில்லை.

"செத்தேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்குக் காலயில வர்றேன் பாப்பா. அந்த செவப்பு மண்ண வுடப்போறதில்ல."

"நாளைக்கு மத்தியானம் கெளம்பறோம்ங்கண்ணா" என்றேன்.

"அதுக்குள்ள வந்துடுவேன்" என்றார்.

அன்றிரவு என் கனவில் நான் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். பயமாக இல்லை.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். பிற்பாடு நான் வேலை பார்த்த இடங்களில் என்னென்னவோ நிறங்களும் சத்தங்களும் வந்துவிட்டன. மனுஷர்கள் நடப்பதுபோலவே நடக்கும் உருவங்கள் வந்துவிட்டன. நான் மட்டும் அந்தப் பாறை ஆடும் நேரத்தையே தேடிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விழுந்தால் அது அநியாயம். நின்று நின்று விழுந்தால் இரக்கம். இரண்டிலும் குதிகால் எழும்பாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. அதில் நம்மைச் சமமாக மதித்து யாரோ "பாத்துக்கோ" என்று சொல்வதுபோல இருக்கும். தோற்றாலும் எழுந்து வெளியே வந்து டீ குடிக்கலாம், மறுபடி இறங்கலாம். இதை எந்தச் சுவிட்சில் வைப்பது என்று, பிள்ளைகளே, உங்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் மாதையன் வரவில்லை. கிணத்து மிஷினை மட்டும் கடைசிவரை அணைக்க வேண்டாம் என்று கிருஷ்ணப்பா சொன்னார். அது தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குமேல் கோவிந்தம்மா வந்தாள். விடிந்ததும் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்றாள். கயிற்றைப் பிடித்து இறங்கினார், பாதியில் ஏறிவிட்டார், பீடி ஒன்றைக் குடித்துவிட்டு மறுபடி இறங்கினார், அவள் கிளம்பும்போது உள்ளேதான் இருந்தார் என்றாள். ஆட்களுக்குக் களி கிண்ட வேண்டும் என்று உடனே போய்விட்டாள். மத்தியானம் அண்ணன் லாரியைக் கொண்டுவந்தான். மிஷின்களை ஏற்றி, கித்தானைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.